மிசாவோ தேறினாளா என்பது பற்றி அக்காவுக்கு

செந்தாயில் இருக்கும் அக்கா ஃபுசாயே அவர்களுக்கு, கனுமாவிலிருந்து தம்பி தெய்ஸோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

ஜூன் மழை இங்கே பிடித்துக்கொண்டுவிட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. அத்தானின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய மாட்டு நாக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது. என் மனைவி சுமியே பக்குவமாகத்தான் சுட்டாள், நான்தான் பல் இல்லாத பக்கமாக மென்று அவஸ்தைப்பட்டேன். மற்றபடி நாங்கள் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

நீங்கள் இட்ட வேலையை முடித்துவிட்டேன். “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தேர்வு வைத்தவன் நீ, உன் பெண்ணுக்கு அந்த மல்யுத்தம் வருகிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்ல உனக்கு வாய் இல்லையா” என்று புத்தாண்டின்போது நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. வரவில்லையென்றால் ஷியோகாமாவில் மீன் தொழிற்சாலை வைத்திருக்கும் பையனுக்கு அவளைப் பேசி முடித்துவிடலாம் என்றீர்கள். நாற்பதைத் தாண்டியவரைப் பையன் என்கிறீர்கள், அதற்குள் நான் போகவில்லை. மிசாவோவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ, “அப்பா வந்து பாக்கட்டும். அப்பா ஃபெயில்னு சொன்னா நான் விட்டுடறேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஓட்டுநர் பள்ளியில் தேர்வாளராக இருந்தவரை நகராட்சித் தலைவரின் மகனையே திருப்பி அனுப்பியவன் நான். உங்கள் மகனையும் மூன்று முறை திருப்பி அனுப்பினேன், அதற்காக நீங்கள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அவன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினான் அக்கா, நான் என்ன செய்வது?

ஆறு வருடமாக அவள் அந்தத் தொழிலில் இருக்கிறாள், அதுவரை ஒரு ஒற்றையர் ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அக்கம்பக்கத்தில் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் டோக்கியோவில் உடற்பயிற்சி சம்பந்தமான வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் சுமியேயைக் கூட்டிக்கொண்டு டோக்கியோவுக்குப் போனேன். ஷின்கிபாவில் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சின்ன அரங்கு. தேர்வு வைக்கப் போகும்போது டை கட்டாமல் எனக்குப் பழக்கம் இல்லை, கட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் என்னைவிடக் கொஞ்சம் சின்ன வயது ஆண்கள், ஆளுக்கொரு பெண்ணின் பெயர் போட்ட பனியனோடு. என் பக்கத்து நாற்காலிக்காரர் பெயர் குராமோச்சி. சைத்தாமாவில் பல் மருத்துவராம், ஆட்டம் இருக்கும் நாளில் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவாராம். நான் பேச வாயைத் திறந்தபோதெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே பார்த்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் மிசாவோவின் அப்பா என்று தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிடாத குறையாகக் குனிந்து, அவள் பெயரை அறிவிக்கும்போது ரிங்குக்குள் வீசுவதற்கு என்று மஞ்சள் காகித நாடாச் சுருள் ஒன்றைக் கையில் கொடுத்தார். நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை உருவிவிட்டு, சுருளைத் தளர்த்திக்கொண்டு வீச வேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. எல்லோரும் வீசினார்கள், மழை மாதிரி இறங்கியது. நான் வீசியது கல் மாதிரி போய் நடுவரின் நெற்றியில் பட்டது. ஆட்டம் நின்றது. நான் மேடை ஓரமாகப் போய் டையோடு குனிந்து மன்னிப்புக் கேட்டேன், அவர் பதிலுக்குக் குனிந்தார், மறுபடி நான் குனிந்தேன். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் “நுகாகா மிசாவோவின் தந்தையார்” என்று சொல்ல, அரங்கம் கைதட்டியது. ரிங்கின் மூலையில் மிசாவோ முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

எதிராளி பத்தொன்பது வயதுச் சிறுமி, கை இரண்டும் மூங்கில் குச்சி. அவள் ஓடி வந்து மோதினாள், தூக்கி எறிந்தாள், கயிற்றின் மேல் ஏறிக் குதித்தாள். நான் எனக்குத் தெரிந்த முறையில் மதிப்பெண் கழித்துக்கொண்டே வந்தேன். ஏறுமுன் பின்னால் பார்க்கவில்லை, கழித்தல். திரும்பும்போது வேகத்தைக் குறைக்கவில்லை, கழித்தல். என் பெண்ணோ தூக்கியபோதெல்லாம் போனாள், எறிந்தபோதெல்லாம் விழுந்தாள், கடைசியில் நடுவர் மூன்று எண்ணும் வரை எழுந்திருக்காமல் தோற்றாள். அக்கா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பல் மருத்துவர் என் முழங்கையைத் தொட்டார்.

“ஐயா, நீங்க தப்பான ஆளைப் பாக்கறீங்க. எறியறவளைப் பாக்காதீங்க. விழறவளைப் பாருங்க.”

அடுத்து அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. அந்தச் சிறுமிக்கு மிசாவோவைத் தூக்கும் பலமே கிடையாதாம். தூக்கப்படுகிறவள் சரியான நொடியில் தரையை உதைத்துக் கொடுத்தால்தான் உடம்பு மேலே போகும். கீழே வரும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, உள்ளங்கைகளால் தரையை அறைந்து விழுந்தால்தான் அடி பலமாகக் கேட்கும், பட்டவளும் பிழைப்பாள். அதற்கும் மேலே, எப்போது எழ முயல்வது, எப்போது மறுபடி சரிவது என்று பார்த்துப் பார்த்து அரங்கத்தின் மூச்சை அவள்தான் ஏற்றி இறக்குகிறாளாம். இந்த மல்யுத்தக் கம்பெனியில் புதிதாக வரும் எல்லாப் பெண்களுக்கும் முதல் ஆட்டம் மிசாவோவோடுதான். சாம்பியன்கூட முக்கியமான நாளுக்கு முன்னால் அவளைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறாளாம். எனக்கு அப்போது நெஞ்சில் என்னவோ செய்தது. பெருமைதான் என்று நினைக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் எதுவும் வந்ததில்லை, அதனால் உடனே அடையாளம் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு மேசை போட்டுத் தங்கள் படமும் துண்டும் விற்கிறார்கள். மிசாவோவை அடித்துப் போட்ட சிறுமியின் மேசை முன்னால் வாசல் வரை வரிசை. மிசாவோவின் மேசையில் பல் மருத்துவர் ஒருவர்தான் நின்றார். அந்தப் பெருமை அதோடு போய்விட்டது. அக்கா, உழைப்பவள் ஒருத்தி, வரிசை இன்னொருத்திக்கு என்றால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்?

கம்பெனித் தலைவி யசுதோமி அம்மையார் என்னிடம் வந்து, அடுத்த மாதம் கனுமாவிலேயே ஆட்டம் வைக்கப் போவதாகவும், சொந்த ஊரில் மிசாவோவுக்கு ஒரு நல்ல நாள் அமையும் என்று தமக்குத் தோன்றுவதாகவும் சொன்னார். வானிலையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் ஆமாம், அதற்குள் மழை வராது என்றேன். திரும்பும்போது ரயிலில் சுமியேதான் விளக்கினாள்: நல்ல நாள் என்றால் அன்று மிசாவோவை ஜெயிக்க வைப்பார்கள் என்று அர்த்தமாம். யார் ஜெயிப்பார்கள் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்கக் கூடாது, புரிந்துகொண்டு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். நான் நன்றி சொல்லவில்லை.

கனுமா ஆட்டத்தன்று நகராட்சி உடற்பயிற்சிக்கூடம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் நான் ஃபெயில் ஆக்கியவர்கள். என் குடும்பத்துக்கும் ஒரு தேர்வு வருவதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. சுமியே எல்லா வீராங்கனைகளுக்கும் சோற்று உருண்டை பிடித்து எடுத்து வந்திருந்தாள். எதிராளி கோகுமோன் ரன்கோ என்ற வில்லி, நாற்பத்தெட்டு வயது, முகமெல்லாம் கறுப்புச் சாயம், கையில் மூங்கில் வாள். நம் கனுமா ஜனங்கள் அவளைப் பார்த்ததும் கூச்சல் போட்டார்கள், அதில் சுமியேயின் குரல்தான் மேலே கேட்டது. ஆட்டம் நாற்காலிகளுக்கு நடுவே இறங்கி வந்தபோது ரன்கோ என் டையைப் பிடித்து இழுத்து, மூங்கில் வாளால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் என் காதில், “மன்னிச்சுக்குங்க ஐயா, இடுப்புக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். உடனே இன்னொன்று வைத்தாள்.

அதன் பிறகுதான் மிசாவோ ஜெயித்தாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ரன்கோவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. தவிர, வாழ்க்கை முழுக்க அடித்தே பழகியவள். அவள் விழவில்லை அக்கா, உட்கார்ந்தாள். வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குகிற மாதிரி கையை ஊன்றிப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தாள். மிசாவோ அவளைத் தூக்கியது இரண்டு பேர் சேர்ந்து ஃபிரிட்ஜை இடம் மாற்றுவது போல இருந்தது, அதிலும் ஒருவர் உதவாத மாதிரி. கடைசியில் நடுவர் மூன்று எண்ணினார். பிறகு நகராட்சித் தலைவர் பேசி முடித்தால் தட்டுவோமே, அந்த மாதிரி தட்டினார்கள். மிசாவோ நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் கழித்துக் கழித்துப் பார்த்ததில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ரயில் நிலையத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, ஆட்டம் பார்க்க வந்திருந்த பல் மருத்துவர் குராமோச்சியிடம், என் பெண்ணுக்கு ஜெயிக்க வராது இல்லையா என்று கேட்டேன். அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “அவங்க ஜெயிக்கணும்னா எதிர்ல ஒரு மிசாவோ வேணுங்க. நாட்டுலயே ஒரு மிசாவோதான் இருக்காங்க. அவங்களுக்கு அவங்களே விழ முடியுமா?” என்றார்.

நேற்றுச் சாயங்காலம் மிசாவோ தோளில் ஐஸ் பையோடு சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தாள். “சொல்லுங்கப்பா. பாஸா, ஃபெயிலா?” என்றாள். முடிவைத் தள்ளிப்போடுவது என் வழக்கம் இல்லை. நான் வைத்த தேர்வு ஜெயிப்பதற்கு, ஜெயிப்பது அவளுக்கு வரவில்லை. “ஃபெயில். விழறதுல நீ கெட்டிக்காரி, ஆனா விழுந்துகிட்டே ஒருத்தி எத்தனை வருஷம் இருக்க முடியும்? உனக்கு ஜெயிக்கத் தெரியலை” என்றேன். அவள் சாப்பிடும் குச்சிகளை நேராக வைத்தாள், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக் குனிந்தாள். “சரிப்பா. நீங்க சொன்னதுதான் சரி. இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்லை” என்றாள். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, தன் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு முடிவை நான் சொன்னதில்லை என்றே எனக்குத் தோன்றியது. ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக நான் பழைய தெய்ஸோவாக உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மனசு நன்றாக இல்லை, ஏன் என்று தெரியவில்லை. மழைதான் காரணமாக இருக்கும்.

ஆகவே ஷியோகாமாக்காரரிடம் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள். எந்த ஞாயிறு வேண்டுமானாலும் பெண் பார்க்க வரலாம். அத்தானுக்கு என் வணக்கத்தையும், உங்கள் மகனுக்கு, அவன் பத்திரமாக வண்டி ஓட்டுவான் என்ற நம்பிக்கையோடு, என் ஆசிகளையும் சொல்லுங்கள். மழையில் நனையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
நுகாகா தெய்ஸோ

பின்குறிப்பு: சம்மதம் என்று மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஷியோகாமாக்காரரிடம் பெண்ணின் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லுங்கள், அது முழுப் பொய்யும் ஆகாது. நடந்தது இதுதான். உறையை ஒட்டுமுன் சுமியே கடிதத்தைப் பிழை பார்த்தாள். படித்து முடித்துவிட்டு, “சரிப்பான்னு அவ சொன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். பலமாக இருந்தது, நான் பெரிய ஆள் மாதிரி இருந்தது என்று உள்ளதைச் சொன்னேன். “அப்படின்னா அது அவ ஆட்டம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விழுகிறவளைப் பார் என்று அந்த மனிதர் அவ்வளவு சொல்லியும், மேசையில் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்குப் போனேன். உள்ளே துணிகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம். கதவைத் திறக்கத் தைரியம் வரவில்லை, வெளியே நின்றே, “மிசாவோ, முடிவை மாத்தறேன். பாஸ்” என்றேன்.

“எதுக்குப்பா?”

“நேத்து நான் எறிஞ்சப்போ விழுந்தியே, அதுக்கு.”

அடுக்கும் சத்தம் நின்றது. ரிங்கில் கூரை அதிர அலறுகிறவள், இந்த வீட்டில் ஒருநாள்கூடச் சொல்லாத வார்த்தையை, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“வலிக்குதுப்பா.”