சீ வியூ லாட்ஜின் மூன்றாவது லெவல்

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் "வேற லெவல்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிக்ஸர் அடித்தவன், புது பைக் வாங்கியவன், பிரியாணியில் ஒரு பீஸ் கூடப் போட்டவன், எல்லாருமே வேற லெவல். அந்த வார்த்தைக்கு முழுத் தகுதியுள்ள மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கோலார் தங்கவயலில் இருக்கிறார். அவருக்குப் பெயரே லெவல். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது.

ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சீ வியூ லாட்ஜ். அதற்கு மேனேஜர் நம்ம லெவல். கட்டடம் கீழே ஒரு தளம், மேலே இரண்டு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. போர்டில் அலை அடிக்கும், தென்னை சாய்ந்திருக்கும், ஒரு படகுகூடப் போகும். நிஜக் கடல் வேண்டுமென்றால் ரயில் ஏறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். மொட்டை மாடியிலிருந்து தெரிவது, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சைனைட் மண் மலை. பழைய முதலாளி, பாத்திரக்கடைக்காரர், 'சைனைட் வியூ' என்றுதான் பெயர் வைக்கச் சொன்னாராம். விஷத்தின் பெயரைப் படித்துவிட்டு எவன் உள்ளே வந்து படுப்பான் என்று பெயின்டர் கேட்டிருக்கிறார். சரி, இங்கிலீஷ் முதல் எழுத்தை மட்டும் போடு என்று முதலாளி இறங்கி வந்தார். பெயின்டர் தமிழில் 'சீ' என்று எழுதி, கடலைத் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்துவிட்டார்.

ஊர் அந்த முதல் எழுத்தை வேறு மாதிரிப் படித்தது. உள்ளே பகலெல்லாம் சீட்டுக் கச்சேரி, சாயங்காலம் பாட்டில், நடுநடுவே முகத்தைத் துப்பட்டாவால் மூடிய ஜோடிகள். "சீ..." என்று இழுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, "வியூ" என்பார்கள். எங்கள் வீடு இருக்கிற ஸ்கெலட்டன் லைனிலிருந்து அம்மா பஜாருக்கு வரும்போது அந்தச் சந்து முனையில் மட்டும் நடை வேகமாகும். என் தலையையும் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாள்.

சுரங்கம் மூடிய பிறகு இந்த லாட்ஜுக்கு வந்து சேர்ந்தவர் லெவல். அதுவரை அவருக்கு வேலை, ஆட்களை பூமிக்குள் இறக்குகிற கேஜ் என்ற கூண்டு லிப்டில். ஆட்களை எண்ணி ஏற்றுவது, எண்ணி இறக்குவது. லாட்ஜிலும் அதையே தொடர்ந்தார். காலில் பூட்ஸ், இடுப்பில் நட்டநடுப் பகலிலும் டார்ச். எட்டடி உயர வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார்.

சுரங்கத்தில் கணக்கு மேலிருந்து கீழே போகும். தரைதான் சர்பேஸ். அதற்குக் கீழே முதல் லெவல், அதற்கும் கீழே இரண்டாவது லெவல். லெவல் மாமனிதர் வந்த முதல் வாரமே லாட்ஜுக்கும் இந்த முறைப்படி நம்பர் போட்டுவிட்டார். மொட்டை மாடி சர்பேஸ். உச்சி மாடி முதல் லெவல். தெருவை ஒட்டிய கீழ்த்தளம் மூன்றாவது லெவல். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து போன்ற அறை உண்டு. உள்ளதிலேயே ஆழமான இடம் என்று அதைத் தனக்கு எடுத்துக்கொண்டார். அதுதான் இன்றுவரை அவர் வீடு.

ஒரு நாள் போலீஸ் வந்து, சீட்டாடுகிறவர்கள் எங்கே என்று கேட்டது. பொய் சொல்லத் தெரியாதவர், "பர்ஸ்ட் லெவல், சார்" என்றார். அவர்கள் முதல் மாடிக் கதவை உடைக்காத குறையாகத் திறந்தார்கள். உள்ளே டூத் பேஸ்ட் விற்கிற ஒருவர் துண்டோடு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் உச்சி மாடிக் கச்சேரி பக்கத்து மொட்டை மாடி வழியாகக் கலைந்தது. பெரிய கேடி என்று போலீஸ் திட்டியது. தெய்வம் என்று சீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். லெவலுக்கு இரண்டுமே அவமானம். உண்மையைச் சொன்னதற்கு இப்படியா என்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

அடுத்தது டோக்கன். சுரங்கத்தில் இறங்குகிற ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை வில்லை உண்டு, அதே போல லாட்ஜிலும் ஆணியடித்த பலகை வைத்தார். உள்ளே வருகிறவர் பெயர் சொல்லி டோக்கனை மாட்ட வேண்டும். வெளியே போகும்போது கழற்றிக் கொடுக்க வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகையைப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடுவார். பதில் குரல் வரும்வரை நிறுத்த மாட்டார். துப்பட்டா ஜோடிகளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? ஒரே வருடத்தில் ஜோடிகளும் போனார்கள், சீட்டும் பாட்டிலும் போயின. லாட்ஜ் கோயில் மாதிரி ஆகிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றது.

பிறகு எங்கள் ஊர்ச் சுரங்கத்தை வைத்து ஒரு சினிமா வந்தது, ஊரை நாடே தேடிக்கொண்டு வந்தது. சனிக்கிழமையானால் பெங்களூரு பைக்குகள். பழைய பங்களாக்கள் ஹோம்ஸ்டே ஆயின, டீக்கடை கஃபே ஆனது, யாரும் சீண்டாத சைனைட் மலை முன்னால் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்தார்கள். நான் தினமும் எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூரு போய் வேலை பார்க்கிறவள். ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது நாலு பையன்கள் தங்க இடம் கேட்டார்கள். எனக்கு வாய் எப்போதும் மூளையை முந்திக்கொண்டு ஓடும். "சீ வியூ இருக்கே" என்றேன். ரயில் பெட்டியில் இருந்த ஸ்கெலட்டன் ஆட்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்ன பாவத்துக்கு நானே அவர்களைக் கூட்டிப் போனேன். அன்றுதான் உள்ளே முதல் தடவை கால் வைத்தேன். தரையில் என் முகம் தெரிந்தது. பையன்களில் ஒருவன் ஆசையாக, இங்கே பேய் உண்டா என்று கேட்டான்.

"இருந்தா டோக்கன் மாட்டியிருக்கணுமே," என்று லெவல் பலகையை டார்ச் அடித்துச் சரிபார்த்தார். "இல்லைப்பா."

அந்த நிமிடமே நான் அவர் ரசிகை ஆகிவிட்டேன். லாட்ஜைப் போட்டோ எடுத்து ஆன்லைனில் ஏற்றினேன். வந்த முதல் விமர்சனத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்: முதல் லெவல் என்று போட்டுவிட்டு உச்சிவரை ஏற வைத்தார்கள், மூச்சு வாங்கிவிட்டது. லெவல் பதில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். ஐயா, சர்பேஸ் பக்கம் போகப் போகக் காற்று அதிகம், உங்களுக்கு மூச்சு வாங்கியது வேறு ஏதோ காரணம், டாக்டரைப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் சின்ன முதலாளி, பழைய முதலாளியின் மகன், குண்டைப் போட்டார். பெங்களூருப் பார்ட்டி ஒன்று லாட்ஜை எடுத்து ரிசார்ட் ஆக்கக் கேட்கிறது. அதில் யூனிபார்ம் போட்ட பிள்ளைகள்தான் வேலை பார்ப்பார்கள். லெவலுக்கும் இடமில்லை, மாடிப்படி அறைக்கும் இடமில்லை. நான் சண்டைக்குப் போனேன். வீக் எண்ட் ரூம்கள் நிறைகிறதே என்றேன்.

"வெளியூர்க்காரன் வர்றான், பேர் தெரியாம வர்றான்," என்றார். "நம்ம ஊர் ஃபேமிலி ஒண்ணு, பேர் தெரிஞ்ச ஃபேமிலி, ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுத் தங்கட்டும். அப்ப பார்க்கலாம். பொங்கல் வரைக்கும் டைம்."

சொந்த ஊரில் வீடு இருக்கிறவன் லாட்ஜில் எதற்குத் தங்குவான்? லெவல் காதுக்கும் இது போனது. மறுநாள் போனால் எல்லா அறைக்கும் துவைத்த வெள்ளை விரிப்பு போட்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் அக்கா கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு குடியாத்தம். ஊரில் இருந்த அறையையெல்லாம் டூரிஸ்டுகள் பிடித்துவிட்டார்கள். நான் சீ வியூ என்றேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி வீட்டார் தாலி கட்டுவதற்கு முன்பே திரும்பிப் போய்விடுவார்கள் என்றாள். வேறு வழியே இல்லை என்று ஆனபிறகுதான் அரை மனதாகத் தலையசைத்தாள். மறுநாளே லெவல் எனக்கு போன் செய்து, மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு முட்டி வலி என்றீர்களே, அவருக்கு மூன்றாவது லெவல் ஒதுக்கிவிட்டேன் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அம்மா அப்போதே ஆட்டோ பிடித்தாள். பட்டப்பகலில், பஜாரே பார்க்க, சீ வியூ லாட்ஜுக்குள் புயலாக நுழைந்தாள்.

"இன்னாங்க நினைச்சுகினு கீறீங்க? மூணாவது மாடியே இங்க கிடையாது. எண்பது வயசு மனுசன மொட்டை மாடியில படுக்க வைக்கப் போறீங்களா?"

"மூணாவது லெவல் இதாம்மா," என்று லெவல் பூட்ஸால் தரையைத் தட்டினார். "நீங்க நிக்கிற இடம்."

அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு பலகையில் வரிசையாக இருந்த டோக்கன்களைப் பார்த்தாள். அவளுடைய அப்பா முப்பது வருடம் கேஜில் இறங்கியவர்.

"மைன்ஸ்காரன் பொண்ணு நானு, எனக்கே தோணல பாரு," என்றாள். குரல் பாதியாக இறங்கிவிட்டது. அப்புறம் தாத்தாவின் கட்டிலை உட்கார்ந்து பார்த்து, ஆட்டிப் பார்த்து, "கெட்டியாத்தான் கீது" என்று பாஸ் போட்டுவிட்டு வந்தாள்.

குடியாத்தத்துக்காரர்கள் போர்டைப் பார்த்து அசந்துபோனார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கியதும் கடல் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார். எல்லாருக்கும் டோக்கன் கொடுத்தார் லெவல். அவர்களும் ஏதோ எங்கள் ஊர்ச் சடங்கு என்று நினைத்து பக்தியோடு மாட்டினார்கள்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்கு வேன் நிரம்பிவிட்டது. பலகையில் ஒரு டோக்கன் தொங்கியது. பதினொன்றாம் நம்பர், தாய்மாமன். லெவல் வேனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். ஒரு ஆள் உள்ளே இருக்கிறார், கேஜ் கிளம்பாது. அவர் மண்டபத்துக்கு நடந்தே போயிருப்பார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். லெவல் நகரவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நினைவு வந்தது. தாலி தாய்மாமன் மடியில்.

அதன்பிறகு லெவல் தேடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டார்ச்சோடு முதல் லெவலில் தொடங்கி, இரண்டாவது, மூன்றாவது, மாடிப்படிப் பொந்து, தண்ணீர்த் தொட்டிக்குள்கூடத் தலைவிட்டுப் பார்த்தார். ஆள் இல்லை. மணி ஏழேகால். மண்டபத்திலிருந்து அம்மாவே ஓடிவந்துவிட்டாள்.

"மொட்டை மாடியில பாத்தீங்களா?"

லெவல் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "அது சர்பேஸ்ம்மா. சர்பேஸ்ல இருந்தா அவரு எப்படிக் காணாமப் போவாரு?"

அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினாள். மொட்டை மாடிக் கதவு காற்றில் சாத்தி, படிப் பக்கம் தாழ் விழுந்திருந்தது. திறந்தால் தாய்மாமன், மடியில் தாலியோடு, இளவெயிலில் வெள்ளையாக மின்னுகிற சைனைட் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மணல் தெரியுது சம்பந்தி," என்றார். "தண்ணி உள்வாங்கிடுச்சு போல."

ஏழு இருபத்தெட்டுக்குத் தாலி மண்டபத்துக்குள் வந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் சின்ன முதலாளியைப் பிடித்தேன். ஃபேமிலி தங்கியாயிற்று, டோக்கன் பலகை இல்லாவிட்டால் கல்யாணமே தள்ளிப்போயிருக்கும் என்றேன். அவர் பாயசத்தைக் குடித்து முடித்து, எல்லாம் சரி, ஆனால் அவர்கள் குடியாத்தம்தானே என்றார். லெவலிடம் சொன்னேன். "ஆமா பாப்பா, ரூல்ஸ் ரூல்ஸ்தானே," என்றார். குடியாத்தத்து வேன் கிளம்பியதும் டோக்கன்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணி வைத்தார். எல்லாம் இருந்தது. அதில் மட்டும் அவருக்குத் திருப்தி.

மத்தியானம் அம்மாவும் அப்பாவும் லாட்ஜில் விட்டுவந்த தாம்பூலத் தட்டுகளை எடுக்கப் போனார்கள். ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டில் இரண்டே அறை. அதில் கால் வைக்க இடமில்லாமல் சொந்தக்காரர்கள் படுத்திருந்தார்கள். அம்மா தூங்கி மூன்று நாளாகியிருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலைப் பார்த்ததும், கொஞ்ச நேரம் முதுகைச் சாய்த்துவிட்டு வருகிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

லெவல் குறுக்கே வந்தார். ரெஜிஸ்டரில் எழுதாமல் படுக்க முடியாது. அப்பா புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டு வாசல் பக்கம் பார்த்தாராம். "குடுங்க இப்படி," என்று அம்மா பேனாவைப் பிடுங்கினாள். இரண்டு பேர் பெயர், ஸ்கெலட்டன் விலாசம். வந்த காரணம் என்ற கட்டத்தில், 'தூக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நாலு மணிக்கு இருவரையும் காணோம் என்று நான் தேடிப் போனேன். லெவல் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நடக்கும் சத்தம்கூட வரக்கூடாது என்று பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அவரை வெறும் காலில் அன்றுதான் பார்த்தேன். கணக்குப் பார்க்க வந்திருந்த சின்ன முதலாளி ரெஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"மெதுவா, சார்," என்று லெவல் விரலை உதட்டில் வைத்தார். "ஃபேமிலி தூங்குது."

சின்ன முதலாளி ரெஜிஸ்டரைச் சத்தமில்லாமல் மூடினார். பெங்களூருப் பார்ட்டிக்கு வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு, குதிகால் படாமல் தெருவுக்குப் போனார்.

உள்ளே அம்மாவின் குறட்டை கேட்டது. லெவல் சந்தில் வந்த ஐஸ்க்ரீம் வண்டியைக் கையசைத்து அப்படியே திருப்பி அனுப்பினார். இந்த மனிதர் வாசலில் உட்கார்ந்திருந்தால், எனக்கும் ஒரு மத்தியானம் கவலையில்லாமல் தூங்க வேண்டும்போல இருந்தது.