டோனல் அண்ணையின் வலது முழங்கால்

மற்றவர் ஆடி முடித்த ஆட்டத்தை ஆண்டுதோறும் வளர்த்துவரும் இனம் ஒன்று உண்டு. உங்களுக்கு அவர்களைத் தெரியும். அவர்கள் பந்தைத் தொட்டதில்லை, மைதானத்தில் இறங்கியதில்லை; ஆனால் இறங்கிய ஒருவரைப் பிடித்துவைத்திருப்பார்கள். அவருடைய புகழில் ஒரு பிடி குறைந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

லண்டன் வெம்பிளியில் நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் கோயிலில் இந்த இனத்தின் பிரதிநிதி கிறிஸ்துராஜா. அவர் பிடித்துவைத்திருப்பவர் அதே கோயிலுக்கு வரும் டோனல் என்ற ஐரிஷ்காரர், இளமையில் ஹேர்லிங் ஆடியவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நுனி தட்டையான மட்டைகளோடு பதினைந்து பேர் பதினைந்து பேரைத் துரத்தி, கல் மாதிரியான ஒரு சிறு பந்தைத் தலைக்கு மேலே பறக்கவிடும் விளையாட்டு அது. முதல்முறை பார்ப்பவருக்குப் பொலிசைக் கூப்பிடத் தோன்றும். அதற்கும் விதிகள் உண்டாம்.

டோனல் சொன்னபடி, அவர் தன் மாவட்ட அணிக்கு ஆடியது ஒரே ஆட்டம், அதுவும் மாற்று வீரராகக் கடைசிப் பத்து நிமிடம். ஒரு கோல் போட்டார். பந்து அவர் முதுகில் பட்டு உள்ளே போனது. இதை அவர் தேநீர் குடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னார். கிறிஸ்துராஜா சிரிக்கவில்லை. அவருக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

நம் சபை மரபு உங்களுக்குத் தெரியாததா? ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, போன தடவை சொன்னதைவிடக் குறைத்துச் சொன்னால் அவமரியாதை. அதே அளவு சொன்னால் அசட்டை. ஆகவே கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் கிறிஸ்துராஜாவின் வாயில் ஒரு கோல் மூன்றானது. திருநாளில் மூன்று ஆறானது, முதுகு இடது கையானது. கிறிஸ்துராஜா தன் மனைவி கத்தரினின் ஐம்பதாவது பிறந்தநாளில், கேக் வெட்டக் கத்தியோடு நின்றவரை அப்படியே நிற்கவைத்துவிட்டுப் பேசிய பேச்சில், அடைமழையில், முழங்கால் அளவு சேற்றில், நெற்றியில் இரத்தம் வழிய, எண்பதினாயிரம் பேர் எழுந்து நிற்க, இறுதிப்போட்டியை டோனல் தனியாளாக வென்றார். மெழுகுதிரி உருகிக் கேக்கில் ஒழுகியது. தமிழ் தெரியாத டோனல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வினை புதிய பாதரின் உருவில் வந்தது. கோடை விழாவில் டோனல் எல்லோருக்கும் முன்னால் ஒரு பந்து அடித்துக் காட்டட்டும் என்றார் அவர். டோனலும் சம்மதித்துவிட்டார். வயது எழுபத்தெட்டு.

"மனுசன் பந்தைத் தவறவிட்டா என்ர நிலைமை என்ன?" என்றார் கிறிஸ்துராஜா, காரில்.

"கோல் போட்டது அவர். உங்களுக்கென்ன நட்டம்?" என்றார் கத்தரின்.

"எண்பதினாயிரம் சனத்தைக் கூட்டினது நானெல்லே."

விழா அன்று மைக்கைப் பிடித்த கிறிஸ்துராஜா, அந்த இறுதிப்போட்டியில் நொறுங்கிய முழங்கால் இன்று மறுபடி வேலையைக் காட்டிவிட்டதால் டோனல் அண்ணை அடிக்கமாட்டார் என்று தழுதழுத்தார். அந்த நேரம் பார்த்து, மட்டையைத் தோளில் சாத்தியபடி, இருபது வயசுப் பெடியன் மாதிரி டோனல் நடந்து வந்தார். கிறிஸ்துராஜாவின் மகள் மெலனி ஓடிப்போய் அவர் காதில் விசயத்தைச் சொன்னாள். டோனல் குனிந்து தன் இரண்டு முழங்கால்களையும் பார்த்தார். எந்தக் கால் என்று கேட்டார். வலது என்றாள். வலது கால் உடனே நொண்டத் தொடங்கியது. அவர் நல்ல மனிதர்.

"பாவம், அந்தக் காலோடயா இவ்வளவு காலமும் கோயிலுக்கு வந்தவர்?" என்று கூட்டத்தில் நின்ற சுசிலா அக்கா கண்ணைத் துடைத்தார்.

சனம் கொத்துரொட்டி வரிசைக்குப் போனது. டோனல் உட்கார்ந்திருந்த கதிரைப் பக்கம் கிறிஸ்துராஜா மட்டும் நின்றார். டோனல் அக்கம்பக்கம் பார்த்தார், எழுந்தார், பந்தை மேலே எறிந்தார், வீசினார். பந்து மண்டபக் கூரையைத் தாண்டிப் போனது.

கிறிஸ்துராஜா வாயைத் திறந்தார். யாரிடம் சொல்வது? நொறுங்கிய முழங்கால்காரர் எப்படி அடிப்பார்? வாழ்நாளில் அவர் கண்ணால் கண்ட ஒரே அடி அது. அதை இன்றுவரை அவரால் சொல்ல ஏலவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது.

எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? கொத்துரொட்டித் தட்டோடு மரத்துக்குப் பின்னால் நின்றேன். மண்டபக் கூரைதான், ஓர் அங்குலம் கூட்டவில்லை. நாளைக்கு இதை நீங்கள் யாருக்காவது சொல்வீர்கள். அப்போது பந்து எங்கே போய் விழுகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.