தாத்தா வெட்டிய குழிகளும் அத்தான் பிடித்த மைக்கும்

அன்புள்ள அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மரியாதைக்கு விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தர், பட்டாளத்துல இருந்து வந்ததும் புதையல் பைத்தியம் பிடிச்சு, குடியிருந்த வீட்டுக் கொல்லையெல்லாம் தோண்டினாரு" என்றீர்களே, சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் என் அம்மாவைப் பெற்றவர். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் துரத்தி, வாடகைக்கு இடமே கிடைக்காமல், ஊர்க்கோடியில் அவர் கட்டிய வீட்டில்தான் நீங்கள் இன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்!

விடுவேனா? அவர் ஏன் அப்படித் தோண்டினார் என்று தெரிந்துகொள்ள, பட்டாள அலுவலகத்துக்குப் போய் அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டேன். ஜன்னலில் இருந்தவர், "சம்பந்தப்பட்டவர் நேர்ல வரணும் சார்" என்றார். "அவர் செத்து இருபது வருஷமாச்சுங்க" என்றால், "அப்ப அவரோட சம்மதக் கடிதமாவது வேணும்" என்கிறார். அங்கே காத்திருந்த பென்ஷன்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு, தாத்தாவின் படையில் முடிவெட்டியவர் இன்னும் உயிரோடு இருப்பதாகச் சொல்லி விலாசம் கொடுத்தார். போனேன். தொண்ணூறு வயசு. "சும்மா பேசினா ஞாபகம் வராது தம்பி, தலையைக் காட்டு" என்று கத்திரியை எடுத்துவிட்டார். அவருக்குக் கை நடுங்குகிறது, எனக்கு உயிரே நடுங்குகிறது. வெட்டிக்கொண்டே சொன்னார்: குண்டு போட விமானம் வரும், ஆளுக்கொரு பதுங்குகுழி வெட்டுங்கள் என்று உத்தரவாம். தாத்தாவின் கூட்டாளிக்குக் காய்ச்சல். "நீ படு, உனக்கும் நானே வெட்டுறேன்" என்றாராம் தாத்தா. தன்னுடையதை முடிக்கும்போதே விமானம் வந்துவிட்டது. "ஒரு ஆள் குழி தம்பி. ரெண்டு பேருக்கு இடம் பத்தல. காய்ச்சல்காரன் வெளியிலேயே போயிட்டான்" என்றவர் கத்திரியைக் கீழே வைத்தார், அதற்குமேல் எடுக்கவேயில்லை. பாதித் தலையோடு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

இப்போது புரிகிறதா அத்தான்? புதையலாம் புதையல்! வீட்டில் உள்ள அத்தனை பேரும் உட்காருகிற அளவுக்கு அவர் வெட்டினார். புது மாப்பிள்ளையாக வந்த உங்களைக்கூடக் கயிற்றால் அளந்தாரே, சட்டை தைத்துத் தரப்போகிறார் என்று பூரித்துப்போனீர்களே, அது எதற்கு என்று நினைத்தீர்கள்? அடுத்த மாதம் சம்பந்திகளுக்கு நீங்கள் கொடுக்கும் விருந்தில் அதே மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் தலையோடு முன்வரிசையில் வந்து உட்காருவேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உங்களுக்கு வணக்கம், வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும்.

இப்படிக்கு,
கொதித்துப்போன மைத்துனன்

பி.கு.: இதை மடிக்கும்போது அக்கா போன் செய்தாள். குழாய் பதிக்கக் கொல்லையைத் தோண்டியவரின் கடப்பாரையில் தகரப் பெட்டி ஒன்று தட்டுப்பட்டதாம், பூட்டோடு! மேலே எழுதியதை நிறுத்தி வைக்கிறேன். நான் வரும்வரை யாரும் திறக்கக்கூடாது. பாதி எனக்கு.

இன்னொரு பி.கு.: திறந்துவிட்டீர்களாமே! உள்ளே டம்ளர்கள்தானாம். வீட்டில் ஆளுக்கொன்று, பெயர் வெட்டி, உங்களுக்கும் சேர்த்து. ஒன்றில் மட்டும் யாரோ ஊர்பேர் தெரியாதவன் பெயர், கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சிரித்தீர்களாம். அக்கா அந்தப் பெயரைப் படித்துக் காட்டினாள். அது முடிவெட்டியவர் சொன்ன அந்தக் காய்ச்சல்காரர் பெயர், அத்தான். எனக்குப் பாதி வேண்டாம். அந்த ஒரு டம்ளரை மட்டும் எடுத்து வையுங்கள். முடிவெட்டியவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மீதித் தலையையும் அவரே வெட்டட்டும்.