ஐந்து பிரஸ்ஸில் அடித்த காதல்

அய்யனாரே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், "ஒங்கள யாரு அனுப்புனா?" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் கட்டிங் அண்ணாச்சிதான். திருத்தங்கலில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த லேபிள் பிரஸ்ஸில் அவருக்குக் கட்டிங் மிஷினில் வேலை. பட்டாசு லேபிளை நூல் பிசகாமல் வெட்டுவார். செல்போன் கேமரா மேல் ஒரு சரவெடி லேபிளை ஒட்டி வைத்திருப்பார். அது வழியாக யாரோ பார்க்கிறார்களாம். டீ வந்தால் முதல் வாய் என்னைக் குடிக்கச் சொல்வார். நானும் குடித்துத் தொலைப்பேன்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு நாவல் எழுதினார். ஒருதலைக் காதல். அதை டைப் அடிக்கிற பாவம் என் தலையில் விழுந்தது. நான் கதையைத் திருடிவிடுவேனாம். அதனால் முப்பதாம் பக்கத்தை முதலில் தருவார், அப்புறம் ஏழு, அப்புறம் அறுபத்தொன்று. எந்தப் பக்கத்தைத் தந்தாலும் கதாநாயகி பஸ் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள். அவன் ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"இவ மனசுல என்னதான் இருக்கு அண்ணாச்சி?"

"ஏலே, ஒன்னய யாரு கேக்கச் சொன்னா?"

அடுத்தது அச்சு. மொத்தம் எண்பது பக்கம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று ஐந்து பாரம். ஐந்தையும் ஐந்து பிரஸ்ஸில் கொடுத்தார்.

"இனி எவனும் முழுக்கதய வாசிக்க முடியாதுல்ல!" அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

யாரிடமும் எதையும் விசாரிக்காத மனிதருக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. அச்சடித்த தாளை மடிக்க அந்த ஐந்து பிரஸ்ஸும் அனுப்புவது ஒரே வீட்டுக்கு. நாலு வருஷம் முன்பு வரை எங்களோடு லேபிள் எண்ணிக்கொண்டிருந்த கனகத்தின் வீட்டுக்கு.

ஒரு நாள் காலையில் கனகம் மடித்த தாள் கட்டோடு வந்து நின்றது. மிஷின் நின்றது. அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. நாவலில் தினமும் பஸ் ஏறிப் போனது யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு? யாரு குடுத்தா?"

"அஞ்சு பிரஸ்ஸும் எங்கிட்டதான மடிக்கக் குடுத்தாக? அம்புட்டையும் வாசிச்சேன் அண்ணாச்சி. மொதல்ல அந்தப் பொம்பள மேல ஆத்திரமா வந்துச்சு. அப்பறந்தான் பாத்தேன், எம்பது பக்கத்துல அந்த ஆளு ஒரு எடத்துலயும் வாயத் தெறந்து கேக்கவே இல்ல. கேட்டாத்தான அவ பதில் சொல்லுவா?"

"இத நீங்களா சொல்றீகளா, எவனும் சொல்லிவிட்டானா?"

"அட, நானாத்தான் சொல்றேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வெளியே போடா என்று அர்த்தம். நான் நகரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"சரி... கேட்டா, நீங்க என்ன சொல்லுவீக?"

கனகம் தலையைக் குனியவில்லை. "இல்ல அண்ணாச்சி. எனக்கு அப்படி ஒரு நெனப்பு வந்ததே இல்ல. மனசுல வெச்சுக்கிடாதீக."

இதில் என்ன சூது, யார் சொல்லிக்கொடுத்தது என்று இப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். "சரிம்மா" என்றார். கட்டை வாங்கி வைத்துவிட்டு மிஷினைப் போட்டார்.

ஒருவர் சொன்னதை அவர் அப்படியே நம்பியது அன்று ஒருநாள்தான். பாவி மனுஷன், அதையாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?