அம்மாவைத் தட்டச்சு செய்த கறுப்புத்திரை

கறுப்புத்திரையைப் போல மவுஸை வெறுத்த மனிதன் இந்தப் பூமியில் பிறந்ததில்லை; இனிப் பிறக்கப்போவதும் இல்லை.

சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன் என்னுடையது. மிச்சமெல்லாம் அவனுடையது. ஹால் டிக்கெட் ஒன்றைப் பிரிண்ட் எடுப்பதானாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டித்தான் எடுப்பான். அதனாலேயே அந்தப் பெயர்.

“அந்த எலியத் தொட்டாதான் என்னடா?” என்பார் ஓனர்.

“தொட்டா கை கழுவணும் சார்.”

அவனே எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. எம், டபிள்யூ, கோலன், புள்ளி என்று எழுத்துகளை அடுக்கி வரைந்த படத்தைக் கொடுத்து ஒரு வரி கட்டளை தட்டினால், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாம்பல் புள்ளியாகி, போட்டோ மாதிரி வந்துவிடும். ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகளைக்கூடப் பிடித்து உட்காரவைத்து, எழுத்து யானை சாம்பல் யானையாவதைக் காட்டுவான்.

“இதால என்னண்ணே யூஸு?”

“யானையால என்ன யூஸு?”

இப்படிக் கேட்பாரில்லாமல் கிடந்த யானைக்கு ஒருநாள் வேலை வந்தது.

குமராட்சிப் பக்கத்திலிருந்து அமுதா என்ற பெண் வந்தார். கையில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட பழைய கம்ப்யூட்டர் பேப்பர். அவர் சிறுமியாக இருந்தபோது கடலூர்ப் பொருட்காட்சியில் எடுத்ததாம். ஆளை உட்காரவைத்து, முகத்தை எழுத்துகளாலேயே அச்சடித்துத் தருவார்கள்.

“இதான் எங்கம்மா. மத்த போட்டோவெல்லாம் கொள்ளிடத்து வெள்ளத்துல போயிடுச்சு. தம்பிக்குக் கல்யாணம். பேனர்ல அம்மா படம் வேணுங்குறான். அவன் கைக்கொழந்தையா இருக்கயிலயே அம்மா போயிட்டாங்க. அவனுக்கு மொகமே தெரியாது.”

நான் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன்.

“மூஞ்சி பூரா எறும்பு ஊறுதுங்க” என்றார் அமுதா. மங்கலாக்கினேன். எறும்பு போனது. பேப்பரின் மடிப்புகள் மட்டும் வெட்டுக்காயம் மாதிரி நின்றன.

கறுப்புத்திரை நாற்காலியை இழுத்துப் போட்டான். “வாசி மச்சான். நான் அடிக்கிறேன்.”

“எல்லா எழுத்தையுமா?”

“ஒரு எழுத்து வுடாம.”

வாசித்தேன். எம், எம், டபிள்யூ, கோலன், புள்ளி, புள்ளி. தொண்டை கட்டியபோது அமுதா வாசித்தார். பிறகு சென்டருக்கு வந்தவர்கள் ஆளுக்கு நாலு வரி. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமி வாசலில் நின்று கேட்டுவிட்டு, கைகூப்பிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவன் கட்டளையைத் தட்டினான். படம் வந்தது. அகலமாக அமுங்கிய முகம், கறுத்த கன்னம், வெள்ளை வெளேரென்ற தலை.

அமுதா வெகுநேரம் பார்த்தார். “இது எங்க பெரியம்மா மாதிரி இருக்குண்ணே. அவுங்க நல்லாத்தான் இருக்காங்க.”

கறுப்புத்திரைக்கு வியர்த்துவிட்டது. எழுத்து என்பது உயரமானது. அதைச் சதுரப் புள்ளியாக்கியதால் முகம் அமுங்கியிருந்தது. இன்னொன்றைச் சொல்லத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. அவன் புரோகிராமில் எழுத்து அடர்ந்த இடமெல்லாம் வெளிச்சம், வெற்றிடமெல்லாம் இருட்டு. காகிதத்தில் அப்படியே தலைகீழ்.

“பேப்பரு வெள்ளையா இருக்குங்கறதையே மறந்துட்டேன் மச்சான்” என்றான், மெதுவாக.

புரோகிராமைத் திருத்தினான். வரிகளை உயர்த்தினான், கறுப்பு வெள்ளையை மாற்றினான், மறுபடி தட்டினான்.

சோறு வடிக்கும் ஆவிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி எட்டிப்பார்ப்பதுபோல் ஒரு முகம். அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அம்மாவுக்குக் கன்னத்துல மச்சம் கெடையாதே.”

“அது மச்சம் இல்லீங்க. இவன் கொட்டாவி வுட்ட எடம்” என்று என்னைக் காட்டிவிட்டு, அந்த எழுத்தையும் திருத்தினான்.

கல்யாணத்துக்கு இருவரும் போனோம். மண்டப வாசலில் பேனர். மாப்பிள்ளை மாலையோடு வெளியே வந்து, மேலே அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“இவுருதான் அம்மாவக் கொண்டாந்தவரு” என்று அமுதா கையைக் காட்ட, கறுப்புத்திரை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பந்தியில் மட்டும் முன்னால் வந்தான். பாயசத்தை மூன்று தரம் வாங்கினான்.

திரும்பும்போது மினி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது, சட்டையெல்லாம் நனைத்துவிட்டான். சிதம்பரம் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.