டல்லி மரம்

லாரியைப் பின்னால் எடுத்தபோது 'மடார்' என்று ஒரு சத்தம் கேட்டது. க்ளைவ் கண்ணாடியில் பார்த்தார். அதுவரை நின்றுகொண்டிருந்த மரம் படுத்துவிட்டிருந்தது.

வேறு மரமாக இருந்தால் பரவாயில்லை. 1876இல் ஜாஸ்பர் டல்லி என்பவர் புது நிலம் தேடிக் கிளம்பி, வழி தவறி, ஆஸ்திரேலியாவின் இந்தக் குரண்டாராவுக்கு வந்தார். ஒரு ராத்திரி தங்கினார். இந்த மரத்தில் 'ஜே.டி. 1876' என்று செதுக்கிவிட்டுக் காலையில் போய்விட்டார். ஊரின் சரித்திரம் அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பார்க்கத்தான் சுற்றுலா பஸ் நிற்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பதாவது ஆண்டு விழா. அதற்குத் தோரணம் கட்டத்தான் க்ளைவ் வந்திருந்தார்.

க்ளைவ் நகராட்சித் தோட்டக்காரர். போர் நினைவுச் சின்னத்து ரோஜாச் செடிகளைக் களை என்று நினைத்து வெட்டியதில் கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தார். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும். அந்த வயதில், அந்த ஊரில், அவரை வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை.

"மிக், எறங்கிப் பாருடா. ரொம்ப அடியா?"

"மரத்துக்கா, உனக்கா?" என்றான் கூட வேலை பார்க்கும் மிக்.

மரத்தின் உள்ளே கரையான் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு பேருமாக அதைத் தூக்கி நிறுத்தி, இரும்புக் கம்பி நட்டு, ஒயரால் கட்டினார்கள். மரம் நின்றது. ஒரு வெள்ளைக் கொண்டைக் கிளி வந்து உச்சியில் உட்கார்ந்தது. மரம் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை 'ஜே.டி.'யும் தூள்தூளாகிவிட்டது.

"இத்தனை நாள் எழுத்துதான் மரத்தைத் தாங்கிட்டு இருந்திருக்கு போல" என்றான் மிக்.

"வாய மூடு. மெர்லுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட பொதைச்சிடுவாங்க."

மெர்ல் ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவி. மேயரே அவரிடம் கைகட்டித்தான் பேசுவார். டல்லி மரத்தின் மேல் சைக்கிளைச் சாய்த்த ஒருவரை ஊர்ப் பத்திரிகையில் பெயர் போட்டுக் கிழித்தவர்.

நல்ல வேளையாக ஊரே கால்பந்து மைதானத்தில் இருந்தது. பக்கத்திலேயே, அதே ஜாதி யூகலிப்டஸ் ஒன்று இருந்தது. க்ளைவ் உளியை எடுத்தார். வேலியையும் பெயர்ப்பலகையையும் அங்கே நகர்த்தினார்கள். பழைய மரத்தை அறுத்து லாரியில் ஏற்றி, அடிக்கட்டை தெரியாமலிருக்க, விழாவுக்கு சாசேஜ் சுடும் அடுப்பை அதன் மேல் வைத்தார்கள்.

எழுத்து மட்டும் பளீரென்று இருந்தது.

"நேத்து செதுக்கின மாதிரி இருக்கே" என்றான் மிக்.

"இன்னிக்குத்தானேடா செதுக்கினேன்!"

ரொட்டிக்குத் தடவும் கறுப்புப் பசையான வெஜிமைட் மிக்கின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அதைத் தேய்த்ததும் எழுத்துக்கு நூற்றைம்பது வயது வந்துவிட்டது. கூடவே எறும்பும் வந்தது. பூச்சி மருந்து அடித்தார்கள். எறும்பு போகவில்லை, நிறம்தான் போனது. வேறு வழியில்லாமல் மறுபடி தேய்த்து, மேலே தேசியக் கொடியைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மேயர் கொடியை விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். மெர்ல் மட்டும் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மரத்தைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"இன்னொரு ஆச்சரியம்!" என்றார் மேயர். "பல்கலைக்கழகத்துல இருந்து டாக்டர் பிரியோனி வந்திருக்காங்க. சின்னதா ஒரு துளை போட்டு, மரத்தோட வயசை உங்க முன்னாடியே சொல்லப்போறாங்க!"

அந்தப் பெண் துளைக்கருவியோடு முன்னால் வந்தாள். க்ளைவ் மிக்கின் தோளைப் பிடித்துக்கொண்டார். வேலை போனது போனதுதான்.

"நில்லும்மா!" மெர்ல் மரத்துக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். "எங்க ஊர் சரித்திரத்துல ஓட்டை போடவா வந்தே?"

"ஒரு பென்சில் கனம்தான், மேடம். மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ அதை முதல்ல என் மேல போட்டுப் பாரு!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. மேயருக்குத் தேர்தல் ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் பிரியோனி கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாசேஜ் சாப்பிடப் போனாள்.

கூட்டம் கலைந்ததும் க்ளைவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெர்லிடம் போனார். தன்னைக் காப்பாற்றிய மனுஷியிடம் பொய்யோடு நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மெர்ல், வேலை போனாலும் பரவாயில்லை, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். இந்த எழுத்து..."

மெர்ல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'ஜே.டி.'யை விரலால் தடவினார்.

"நல்லா வந்திருக்கு, க்ளைவ். நூறாவது ஆண்டு விழாவுக்கு நான் செதுக்கினப்போ இவ்வளவு நேரா வரலை."