வின்கோ போட்ட பந்தயக் கிளட்ச்

ஐம்பத்து மூன்று வயதில் நேவென்கா ஓட்டுநர் உரிமம் வாங்கி வந்தாள். அன்று மாலையே அவள் கணவன் வின்கோ ஒரு சபதம் எடுத்தான். தன் சிவப்புக் காரை அவள் ஓட்டக்கூடாது. அதை அவளிடம் சொல்லும் துணிச்சல் மட்டும் அவனிடம் இல்லை. ரியேகா துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் இரும்பை வளைத்தவன், வீட்டுக்குள் வந்தால் தானே வளைந்துவிடுவான்.

அதனால் கிளட்ச்சின் உதவியை நாடினான்.

அவன் வாங்கி வந்த கிளட்ச்சைப் பார்த்ததும் மெக்கானிக் லூபோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது மலையேறுற பந்தயக் காருக்கு உள்ளதுப்பா. தட்டுல பீங்கான் துண்டு ஒட்டியிருக்கு. பிடிச்சா ஒரேயடியாப் பிடிக்கும், விட்டா ஒரேயடியா விட்டுடும். சிக்னல்ல வண்டி வெள்ளாடு மாதிரி துள்ளும். ரோட்டுல ஓட்டுற காருக்குச் சாதாரணத் தட்டே போதும்."

"மிதி எப்படி இருக்கும்?"

"கல்லு மாதிரி. முழங்கால் போயிடும்."

"பொம்பளையால மிதிக்க முடியுமா?"

லூபோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். வின்கோவின் காது மடல் சுட்டது. "சும்மா கேட்டேன். அதையே போடுங்க மாஸ்டர்" என்றான், தரையைப் பார்த்து.

இரண்டு நாளில் கார் தயார். மிதித்துப் பார்த்தான். லேசாகத்தான் இருந்தது. கல்லே லேசாகத் தெரிகிறதென்றால் நம் காலுக்கு எவ்வளவு வலு என்று பூரித்துப்போனான். வண்டி துள்ளவும் இல்லை. அது தன் கைத்திறமை.

ஆனால் கிளட்ச் கல்லு மாதிரி என்று வீட்டுக்குத் தெரிய வேண்டுமே? நொண்டிக்கொண்டே படியேறினான்.

"என்ன ஆச்சு வின்கோ?"

"புதுக் கிளட்ச். அதை மிதிக்கக் காளைமாட்டுக் கால் வேணும்."

"ஐயோ பாவம். அப்போ நான் எப்படி ஓட்டுறது?"

"நினைச்சே பாக்காதே. இடுப்பு கழண்டுடும்."

"சரி" என்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அலமாரியைத் திறந்து, அவன் ஆசையாக வைத்திருந்த பிளம் சாராயத்தை எடுத்து, அவன் முழங்காலில் சூடுபறக்கத் தேய்த்தாள். தினமும் தேய்த்தாள். மூன்று வாரத்தில் முழு பாட்டிலையும் அவன் முழங்காலே குடித்து முடித்தது.

அவள் குனிந்து தேய்க்கும்போதெல்லாம் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூரையைப் பார்த்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"அங்கேதான் வலிக்குதா?" என்றாள்.

"ஆமா" என்று மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நேவென்காவின் தங்கை வீட்டில் விருந்து. கிளம்பும்போது அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தக் காலோட நீ ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன்."

"வேண்டாம் நேவென்கா! அது பந்தயக்..."

அவன் முடிப்பதற்குள் அவள் ஏறிக் கிளப்பிவிட்டாள்; வீட்டை ஒட்டிய செங்குத்தான சந்தில் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் மேடேறியது. மேலே திரும்பி, இறங்கி வந்து, அவன் அருகில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"நீ கடையை விட்டு இறங்கினதுமே லூபோ எனக்குப் போன் பண்ணிட்டாரு" என்றாள் மெதுவாக. "சாதாரணத் தட்டையே போடச் சொன்னேன். உன்னோடது அவர் கடையில தூங்குது."

வின்கோவுக்கு முகம் காரின் நிறத்துக்கு வந்தது.

"தெரிஞ்சுமா தினமும் தேச்சே?"

"நீயா எப்போ உண்மையைச் சொல்லுவேன்னு பாத்தேன்."

பிறகு தெருவுக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "இப்போ சொல்லு வின்கோ, கால் வலிக்குதா, இல்லியா? வலிக்கலைன்னா நீயே ஓட்டு!"

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஷிமே காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். "அவனா? நேத்துக்கூட நொண்டிக்கிட்டே மீன் வாங்கினானே! 'பந்தயக் கிளட்ச், ஆம்பளைக் கால் வேணும்'னு கடையில ஒரு பிரசங்கம் வேற!"

அடுத்த மாடியிலும் ஒரு ஜன்னல் திறந்தது.

வின்கோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "வலிக்குது" என்றான். காரைச் சுற்றி நொண்டி நொண்டிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.

நேவென்கா கியரைப் போட்டாள்.

"கிளட்ச்சை மிதிக்கிறது இடது கால் வின்கோ. நீ வலது கால்ல நொண்டுறே."